மண்டபம் செத்துப்போச்சாம்

21.09.2024, சனி

கஜதீபனின் மகன் தனுஷனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். மண்டபத்தில் நூற்றைம்பது பேர். ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. கூட்டித் துடைக்க நின்றது வழமைபோல நானும் புஷ்பராணி அக்காவும்.

அக்காவின் கணவர், இரத்தினசிங்கம் அத்தான், மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடமாட்டார், அது தெரிந்ததுதான். இன்றைக்குப் புதுசாக ஒன்று செய்தார். தனுஷனின் அப்பப்பாவுக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நேராகப் போய், பாட்டுப் போட வந்த டெனிஷ் பெடியனுக்குப் போர்த்திவிட்டார். அந்தப் பெடியனும் தாடியைத் தடவிக்கொண்டு கும்பிட்டான். சனம் பகிடியென்று நினைத்துக் கை தட்டியது. அத்தானும் பகிடி விட்டவர்போலச் சிரித்தார். அப்பப்பா மட்டும் சாப்பிடாமல் போய்விட்டார்.

இந்த மண்டபம் எங்களுக்கு வாய்த்துப் பத்து வருடமாகிறது. டென்மார்க்கில் பிராண்டே ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடம். ஏழு குடும்பம் சேர்ந்து வாங்கி 'மல்லிகை மண்டபம்' என்று பெயர் வைத்தோம். மல்லிகையை இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. சட்டப்படி அது ஒரு கோ-எஸ், விரித்தால் கொமாண்டிட்செல்ஸ்காப். எங்கட ஆக்களின் வாயில் அது 'கொமாண்டோ' ஆகிவிட்டது. எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: ஏழு குடும்பமும் காசு போட்ட பங்காளிகள், நட்டம் வந்தால் போட்ட காசோடு சரி, வீடு வாசலில் கை வைக்கமாட்டார்கள். முழுப் பொறுப்பையும் தலையில் தூக்க ஒரு ஆள் வேண்டுமாம். அதற்கு ஒரு குட்டிக் கொம்பனி. அந்தக் குட்டிக் கொம்பனிக்கு ஒரே டைரக்டர் அத்தான்.

பங்காளி. தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சேர்ந்து முதல் போடுகிறவனும் பங்காளி, வேலிக்காகச் சண்டை பிடிக்கிறவனும் பங்காளி.

கால் கடுக்கிறது. படுக்கப்போகிறேன்.

25.09, புதன்

வேலையில் நிற்கும்போது ஹென்னிங் போன் எடுத்தார். மண்டபத்துக்குப் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர். அவரும் மனைவியும் கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடமாம், நவம்பரில் மண்டபம் வேண்டுமென்று போன கிழமை கேட்டிருந்தார். மண்டபக் கதவின் திறப்பு என்னிடம் இருக்கிறபடியால் இப்படியான அழைப்பெல்லாம் எனக்குத்தான் வரும்.

"கிருசாந்தி, குறை நினைக்கவேண்டாம். உங்கள் மண்டபம் உயிரோடு இருக்கிறதா?"

நான் ஒரு மின்பெட்டிக்குள் கையை விட்டு வயர் பூட்டிக்கொண்டிருந்தேன். காற்றாலைக்குப் போகிற பெட்டி. பிழையாகப் பூட்டினால் கடலுக்கு நடுவில் ஒருவன் ஏறிப் பார்க்கவேண்டிவரும். அப்படியான நேரத்தில் கேட்கிற கேள்வியா?

முற்காசு கட்ட முதல் அரசாங்கப் பதிவில் எங்கள் பெயரைத் தட்டிப் பார்த்தாராம். டெனிஷ்காரன் பெண் எடுக்கிறதென்றாலும் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். அதில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'கட்டாயக் கலைப்பில்' என்று இருக்கிறதாம்.

வேறு ஏதோ மல்லிகையாக இருக்கும் என்றேன். ஜூட்லாந்து முழுக்க மல்லிகையா பூத்துக் கிடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

பின்னேரம் மகள் சாரங்காவிடம் சொன்னேன். அவள் ஹேர்னிங்கில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு டெனிஷில் தொடங்கினாள். தமிழில் சொல்லடி என்றேன்.

"மண்டபம் செத்துப்போச்சு அம்மா. ரெண்டும் செத்துப்போச்சு. கோ-எஸ்ஸும் அந்தக் குட்டிக் கொம்பனியும்."

ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம் முடிவதற்குள் வருடக் கணக்கு அனுப்பவேண்டுமாம். அனுப்பவில்லை. நினைவூட்டிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. பிந்தினதுக்குத் தண்டம், பிறகு கடைசி எச்சரிக்கை. அதுக்கும் பதில் இல்லை. பதிவு அலுவலகம் கோப்பைத் தூக்கி நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டது. செத்த ஆக்களின் சொத்தைப் பிரிக்கிற அதே நீதிமன்றம்தான் செத்த கொம்பனிகளையும் பார்க்கிறதாம்.

"கடிதம் எங்க வந்தது? நான் ஒண்டும் காணேல்லையே."

"தபால்ல வராது அம்மா. கொம்பனியின்ர ஈபொக்ஸுக்கு வரும். டைரக்டர் திறந்து வாசிக்கவேணும்."

அத்தான் எல்லாவற்றையும் வாசிக்கிற ஆளாச்சே. கலியாண வாழ்த்து மடலைக்கூட விடமாட்டாரே?

26.09, வியாழன்

அத்தானுக்கு எடுத்தேன்.

"அது கொம்பியூட்டர் பிழை, பிள்ளை. நான் கதைச்சிட்டன்."

"ஆரோட கதைச்சனீங்கள்?"

"மேலிடத்தோட."

டென்மார்க்கில் மேலிடம் எது? ராஜாவோடா கதைத்தார்?

28.09, சனி

மூன்று பங்காளிகள் மூன்று தினுசாகச் செய்தியை வாங்கினார்கள்.

கஜதீபன் கராஜ் வைத்திருக்கிறவர், வாயும் கராஜ் வாய்தான். "உங்கட அத்தான் காசை அடிச்சிட்டார் அக்கா. கணக்குக் காட்ட ஏலாமத்தான் காட்டேல்லை." சொல்லிவிட்டு, தன் மகனின் பிறந்தநாளுக்கு மண்டபம் இலவசமாக எடுத்ததை மறந்துவிட்டார்.

அரவிந்த் தமிழ்நாட்டு எஞ்சினியர், அமைதியான ஆள். "அக்கா, டெக்னிக்கலா பார்த்தா நாம சேஃப். நாம லிமிடெட் பார்ட்னர்ஸ்தானே, போட்ட பணத்துக்கு மேல ஒண்ணும் போகாது." கூரை பற்றி எரிந்தாலும் தன் தலைக்குமேல் இல்லாத கூரை என்று சொல்லுகிற குரல்.

கிறிஸ்துநாயகம் மாஸ்டர் ஸ்கீவ ஊரிலிருந்து போன் எடுத்தார். "ஜெபிப்போம்" என்றார். மாஸ்டர், முதலில் கணக்கை அனுப்புவோம், பிறகு ஜெபிப்போம்.

எங்கள் வீட்டில் இவர், என் கணவர், ஃபுட்போல் பார்த்தார்.

02.10, புதன்

நீதிமன்றம் ஒரு சட்டத்தரணியை நியமித்திருக்கிறது. பெயர் பிர்கிட்ட. இனி மண்டபம் அவவின் பொறுப்பு. அன்பாகத்தான் கதைத்தா. திறப்பைக் கேட்டா. மண்டபத்துக்கு இருக்கிற முன்பதிவெல்லாம் நிறுத்தம். ஒரு கதிரை விற்கிறதென்றாலும் அவவைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு வழி இருக்கிறதாம். டிசம்பர் நடுப்பகுதிக்குள் கணக்கைக் கொடுத்து, ஒரு கணக்காய்வாளரின் உறுதியும் வாங்கி, புது டைரக்டரும் போட்டால் இரண்டு பிணத்தையும் எழுப்பலாம். அதற்குப் பிறகு எழுப்ப ஏலாது. விற்று, கடனைக் கட்டி, மிச்சத்தைப் பங்கு பிரிப்பா.

திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். இனிக் கூட்டத் தேவையில்லை. சந்தோசம். உண்மையாகவே சந்தோசம்.

13.10, ஞாயிறு

இண்டைக்கு நடந்ததை எழுதினாத்தான் அடங்கும்.

விஜயதசமிக்குக் கோயிலுக்குப் போவமெண்டு அக்கா கூப்பிட்டா. அத்தான்ர காரில. அத்தான் ஓட்ட, அக்கா முன்னுக்கு, நான் பின்னுக்கு. இவருக்கு வேலை.

வெளிக்கிட்ட நேரம் தொட்டு அக்கா வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தா. தேவாரம் சொல்லுறா எண்டு நினைச்சன். நவராத்திரிதானே. பக்தி கூடிப்போச்சு எண்டு மனசுக்குள்ள நக்கலும் அடிச்சன். ஹேர்னிங் ரோட்டுக்கு ஏறேக்கதான் காதில விழுந்தது.

"பச்சை. பச்சை. லொறி ஒண்டு. கொஞ்சம் இடப்பக்கம். சைக்கிள். இன்னும் இடப்பக்கம். சிவப்பு. சிவப்பப்பா, சிவப்பு!"

கார் நிண்டது. அத்தான் சாதாரணமாக் கண்ணாடியைத் திருத்தினார்.

பொன்னாடை. அந்த டெனிஷ் பெடியன். போன மாசம் பாயாசத்துக்கு உப்பு அள்ளிப் போட்டது. எல்லாம் ஒரேயடியா முன்னுக்கு வந்து நிண்டது.

"அத்தான், காரை ஓரத்தில நிப்பாட்டுங்கோ."

"ஏன் பிள்ளை, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ?"

"ஓம். வருது."

நிப்பாட்டினார். நான் இறங்கி அத்தான்ர பக்கத்துக் கதவைத் திறந்து மூண்டு விரலைக் காட்டினன். "எத்தினை?"

தலையைத் திருப்பி, ஏதோ வயலைப் பாக்கிறமாதிரிப் பாத்தார். "மூண்டு" எண்டார். நேர பாக்கேல்லை, கோழி பாக்கிறமாதிரிப் பக்கத்தால.

"நேர பாத்துச் சொல்லுங்கோ."

திரும்பினார். "நேர பாத்தா உன்ர கையும் இல்லை, முகமும் இல்லை. ஓரம் முழுக்க வடிவாத் தெரியுது. நடுவில மட்டும் ஒண்டுமில்லை" எண்டார்.

ரெண்டு வருசமாம். கண் வைத்தியரிட்டயும் போகேல்லையாம். போனால் லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்களாம். கார் இல்லாட்டி பிராண்டேயில என்னெண்டு சீவிக்கிறது? கொம்பியூட்டர் எழுத்து ஒண்டும் பிடிபடுகுதில்லையாம். ஈபொக்ஸ் கதை முடிஞ்சுது.

அக்கா முன் சீற்றில இருந்து அழுதுகொண்டிருந்தா. எனக்கு அவவைப் பாத்துத்தான் கூடுதலா ஆத்திரம். ரெண்டு வருசம் சிவப்புப் பச்சை சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போறதுக்கு வீட்டில இருந்தே கும்பிட்டிருக்கலாமே!

நான் ஓட்டினன். கோயிலுக்குப் போகேல்லை. நேர வீட்ட.

14.10, திங்கள்

காரைக் கஜதீபனின் கராஜில் கொண்டுபோய் விட்டேன். குளிர்கால ரயர் மாற்றவேண்டும், முழுவதும் சோதிக்கவேண்டும், அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யுங்கள் என்றேன். திறப்பு இரண்டும் என் கைப்பையில்.

அத்தான் என்னோடு உடன்படிக்கைக்கு வந்தார். இனி ஓட்டமாட்டார். பதிலுக்கு நான் ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

"ஆக்கள் உங்களைக் கள்ளன் எண்டுகொண்டு திரியினம் அத்தான். காசை அடிச்சிட்டியளாம்."

"சொல்லட்டும்."

"சொல்லட்டுமோ?"

"கள்ளன் எண்டால் பயப்பிடுவாங்கள். குருடன் எண்டால் கையைப் பிடிச்சு றோட்டைக் கடக்க விடுவாங்கள்."

என்ன மனுசன் இது! சிரிக்கிறதா, கன்னத்தில் ஒன்று போடுகிறதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துவிட்டேன். முகம் கறுத்தது. அடுத்தமுறை மேசையில் வைக்கவேண்டும்.

24.10, வியாழன்

பெட்டிக் கணக்காக அத்தானின் கடதாசி எல்லாவற்றையும் சாரங்கா கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு சதம் குறையவில்லை. மின்சாரப் பட்டியலைத் தன் சொந்தக் காசில் இரண்டு தரம் கட்டியிருக்கிறார் மனுசன். ஒன்று கட்டினதா இல்லையா என்று வாசிக்க முடியாமல் இரண்டாம் தரமும் கட்டியது.

இதைக் கஜதீபனுக்குச் சொன்னேன். "அப்ப ஏன் அனுப்பேல்லை?" என்றார். நியாயமான கேள்வி. வாயை மூடிக்கொண்டேன். "பாத்தீங்களே" என்றார்.

வாய் நிறையப் பதில் இருக்கப் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. வயிறு ஊதிப்போய் இருக்கிறது.

31.10, தீபாவளி

மண்டபம் இல்லை. ஆளாளுக்கு அவரவர் வீட்டில் முறுக்குச் சுட்டு, படம் எடுத்து, வாட்ஸப்பில் போட்டோம். இவர் சொன்னார், "எவ்வளவு நிம்மதி." நானும் ஓம் என்றேன். பிறகு முறுக்கைக் கொடுக்க ஆளில்லாமல் வேலைக்குக் கொண்டுபோனேன். டெனிஷ்காரர் அதை ஸ்ப்ரிங் என்றார்கள்.

16.11, சனி

கூட்டம் நடந்தது. மண்டபத்தில் நடத்தத் தடை, அதனால் கஜதீபனின் கராஜில். ஏழு குடும்பமும் மடக்குக் கதிரையில். மேலே தூக்கியில் அத்தானின் கார் தொங்குகிறது. கஜதீபன் வேணுமென்றே அப்படி வைத்தாரா, தெரியாது. நாங்கள் எல்லோரும் அதற்குக் கீழே.

கேள்வி ஒன்றுதான்: எழுப்புகிறதா, விடுகிறதா? எங்கள் ஒப்பந்தப்படி பாதிக்கு மேல் வேண்டும். ஏழு குடும்பம், நாலு கை.

சாரங்கா நிலைமையை விளக்கினாள். கணக்கு சுத்தம், கணக்காய்வாளரைப் பிடிக்கலாம், டைரக்டர்தான் வேண்டும். டைரக்டர் என்றதும் எல்லோருக்கும் சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது, குனிந்துவிட்டார்கள். தண்டம் டைரக்டரின் பெயருக்குத்தான் வந்தது, அதை அத்தான் போன மாதம் சொந்தமாகக் கட்டினார் என்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும்.

கஜதீபன் எழும்பினார். கையில் பிர்கிட்ட அனுப்பின கடிதம். அத்தானிடம் நீட்டினார்.

"நீங்கள்தானே டைரக்டர். எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ. எத்தினை தரம் எச்சரிச்சவங்கள் எண்டு அதில கிடக்கு."

அத்தான் கடதாசியை வாங்கினார். நான் எழும்பப் பார்த்தேன், இவர் என் சேலையைப் பிடித்து இருத்தினார். அத்தான் தொண்டையைச் செருமினார். பிறகு அதே மேடைக்குரலில், "அன்பார்ந்த பங்காளர்களே, இந்தக் கடிதத்தின் சாராம்சம் என்னவெண்டால்—" என்று தொடங்கி, ஒற்றுமை, சமூகம், எதிர்காலச் சந்ததி என்று அளந்தார். கடதாசி தலைகீழாக இருந்தது.

சனம் சிரிக்கத் தொடங்கியது. அரவிந்த்கூடச் சிரித்தார். கஜதீபனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எங்களோட பகிடி விடுறியளோ? காசைத் திண்டுபோட்டுப் பகிடி வேறயோ?"

அக்கா எழும்பினா. நாற்பது வருடத்தில் ஒரு கூட்டத்தில் அக்கா வாய் திறந்து நான் கண்டதில்லை.

"இவர் கள்ளன் இல்லை. இவருக்குக் கண் தெரியாது."

மேலே காரிலிருந்து ஒரு துளி எண்ணெய் விழுந்தது.

"ரெண்டு வருசமா. நான்தான் பக்கத்தில இருந்து சிவப்பு பச்சை சொல்லுறனான்."

கஜதீபனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "அப்ப— அப்ப ஆடி மாசம் என்ர பிள்ளையளை எயாபோட்டுக்கு ஆர் கொண்டுபோனது?"

"நாங்கள் ரெண்டுபேரும்தான்," என்றா அக்கா.

"நான் மூண்டு தரம் பம்பர் மாத்தினனான்! மான் பாஞ்சது எண்டார்!"

"ஒண்டு மான்தான். மற்றது ரெண்டும் தபால்பெட்டி."

வைஷாலி, அரவிந்தின் மனைவி, கையால் வாயைப் பொத்தினா. அவவின் அம்மா இந்தியாவிலிருந்து வந்தபோது அத்தான்தான் ஊர் சுற்றிக் காட்டியவர். அந்த அம்மா இன்றைக்கும் 'டென்மார்க்ல அந்த அங்கிள் எவ்ளோ நிதானமா ஓட்டுவார்' என்று சொல்லுகிறாவாம்.

அத்தான் கடதாசியை ஒழுங்காக மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திராது. கஜதீபன் தன்னுடைய கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அத்தானுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். "சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கராஜ் வாயில் அதுதான் மன்னிப்பு.

அதற்குப் பிறகு ஓட்டு. டைரக்டராக நான் நிற்கிறேன் என்றேன். எனக்கே அது ஆச்சரியம். யார் என் வாயால் கதைத்தது?

"எழுப்பவேணும் எண்டவை கையைத் தூக்குங்கோ."

நான் தூக்கினேன். அத்தான் தூக்கினார். அவ்வளவுதான்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் கலியாணத்தை ஹோட்டலில் வைக்கிறார்கள், ஒரு பெட்டை இத்தாலியில் வைத்தாள். எல்லோருக்கும் களைத்துப்போச்சு, யாராவது முதலில் சொல்லட்டும் என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அரசாங்கம் சொல்லிவிட்டது.

அத்தான் என் பக்கம் சரிந்தார். "எத்தினை கை, பிள்ளை?"

"மூண்டு."

"ஒண்டாலதானா தோத்தது?"

"ஓம் அத்தான். ஒண்டாலதான்."

18.11, திங்கள்

மாஸ்டர் ஸ்கீவவிலிருந்து எடுத்தார். "என்ன பிள்ளை இது? இரத்தினசிங்கம் எடுத்து, மூண்டாவது கை தூக்கினதுக்கு நன்றி எண்டு அரை மணித்தியாலம் கதைச்சார். நான் கை தூக்கேல்லையே?"

நேற்று அத்தான் கேட்டிருந்தார், மூன்றாவது கை யாருடையது என்று. திடுக்கிட்டு வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள் மாஸ்டர்?"

"என்னத்தைச் சொல்லுறது? அது என்ர கடமை எண்டு சொன்னன்."

ஆண்டவரே, மாஸ்டரை ஆசீர்வதியும். பொய் சொன்னதற்கு என் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

03.12, செவ்வாய்

கண் வைத்தியர். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணின் நடுவில் இருக்கிற பார்வைப் புள்ளி பழுதாகிவிட்டதாம். வலக்கண்ணுக்கு ஊசி போட்டால் இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம்; போனது போனதுதான். லைசென்ஸைக் கொடுக்கச் சொன்னார்.

அத்தான் பேர்ஸைத் திறந்து தடவிப் பார்த்து, நூலக அட்டையைக் கொடுத்தார். வைத்தியர் திருப்பிக் கொடுத்தார். பிறகு சுகாதார அட்டை. மூன்றாவது தரம்தான் சரியானது வந்தது. வேணுமென்று செய்தாரோ?

திரும்பிவரும் வழியில் நான் என்னையறியாமல் "சிவப்பு" என்று சொல்லி நிப்பாட்டினேன். அதற்கு அத்தான் கொஞ்சம் சிரித்தார்.

16.12, திங்கள்

தவணை முடிந்தது. இனி எழுப்ப ஏலாது. வேலையில் இன்று கிறிஸ்துமஸ் சாப்பாடு. பன்றி வாட்டல்.

08.02.2025, சனி

மண்டபம் விற்றாச்சு. பழைய மோட்டார்சைக்கிள் சேர்க்கிற ஒருவர் வாங்கியிருக்கிறார். சட்டத்தரணிச் செலவு, கடன் எல்லாம் போக, போட்டதில் பாதிக்குக் கிட்ட வருமாம். அரவிந்த் டெக்னிக்கலாகச் சரியாகத்தான் சொன்னார், போட்ட காசுக்கு மேல் ஒன்றும் போகவில்லை.

சாமான் எடுக்க பிர்கிட்ட ஒரு நாள் திறந்துவிட்டா. கஜதீபன் வான் வண்டி கொண்டுவந்தார். அண்டா, கிடாரம், சாமிப்படம், கதிரை எல்லாம் ஏற்றினோம். நான் நன்றாகத்தான் இருந்தேன். பகிடி விட்டுக்கொண்டும் இருந்தேன். துடைக்கிற சாமான் வைக்கிற அலுமாரியைத் திறந்தேன். ஈரம் காயாத மணம். அதுக்குள்ள தலையை வைச்சு அழுதுபோட்டன். பத்து வருசம் திட்டித் திட்டித் துடைச்ச நிலம். சாமிப்படத்துக்கு முன்னால வராத கண்ணீர் துடைப்பத்துக்கு முன்னால வந்தது.

அக்கா வெளியில் நின்று கேட்டா, "என்னடி செய்யிறாய் உள்ளுக்கு?"

"வாளி தேடுறன்."

"கையிலதானே இருக்கு."

இருந்தது.

20.03, வியாழன்

அத்தான் வீட்டை விட்டு வெளியே வருகிறாரில்லை. அக்கா சொல்லுகிறா, யன்னலடியில் இருந்து போகிற கார்களின் சத்தத்தைக் கேட்டு, இது டீசல், இது மின்சாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஊசி மாதம் ஒருதரம். பார்வை மேலும் குறையவில்லை, அதுவே நல்ல செய்தியாம்.

மைக் இல்லாத அத்தானைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. இதை எழுதுவேன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

11.04, வெள்ளி

பார்வை குறைந்தவர்களின் சங்கத்தில் இருவர் ஓட்டுகிற சைக்கிள் இரவல் கொடுக்கிறார்களாம். சாரங்கா கண்டுபிடித்தாள். அக்காவைக் கேட்டோம். "அந்தச் சாமானில நான் ஏறமாட்டன். நாற்பது வருசம் பின்னால திரிஞ்சது காணும்" என்றா. அவ முன்னால்தான் இருக்கவேண்டும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அத்தானும் மாட்டேன் என்றார். சனம் பார்க்குமாம்.

"பாக்கட்டும். உங்களுக்குத்தான் அது தெரியாதே," என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். அக்கா முறைத்தா. அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

25.05, ஞாயிறு

நல்ல வெயில். அந்த இரவல் சைக்கிளில் காட்டுப் பாதையால் போனோம். நான் முன்னால், அத்தான் பின்னால், இருவர் தலையிலும் மஞ்சள் தொப்பி. ஐந்தாவது தரம் இது, இனி விழுகிறதில்லை. வழியில் நாயோடு போன ஒரு கிழவி கை காட்டினா. யார் என்றார் அத்தான். பிரதமரின் ஆள், உங்களைத்தான் விசாரித்தா என்றேன். தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார்.

இந்தச் சைக்கிளில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு மிதியும் ஒரே சங்கிலி. ஒருவர் மிதித்தால் மற்றவரின் கால் தன்பாட்டில் சுற்றும். ஏற்றம் தொடங்க நான் மிதிக்கிறதை விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். கால் சுற்றிக்கொண்டிருந்தது. பைன் மர மணம். எங்கேயோ ஒரு குயில்.

பின்னால் அத்தானுக்கு மூச்சு வாங்கியது.

"பிள்ளை, எதிர்க்காத்தோ?"

"ஓம் அத்தான். சரியான காத்து."

"விடாத," என்றார். "மிதி."